மாப்புள வாங்கியாந்த கறுப்புச் சீல

மாப்புள, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு குடுத்த வீட்டு விசயத்துல வாயத் தொறக்கக்கூடாதுன்னு எங்கப்பன் சொல்லிட்டுத்தான் போனாரு. ஆனா கொழும்புல கடையில நின்னு சேத்த காசுல மண்ணுக்குன்னு ஒரு சீல வாங்கிக் கொண்டாந்தீங்களே, அதுவும் 400 மீட்டரு ஒரே சுருளா, அன்னையில இருந்து எனக்கு வாய் நமநமங்குது. எம்மகளுக்குத் தீவாளிக்கு எடுத்த சீல அஞ்சரை மீட்டரு. அதப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணும் சொல்லாட்டி என்ன அர்த்தமுன்னு இந்நேரம் ஒங்களுக்கே வெளங்கியிருக்கும்.

வேலையக் கொறை சொல்ல ஏலாது. லயத்துக்குப் பொறத்தால உள்ள துண்டு நெலத்துல பாத்தி புடிச்சு, கறுப்பு ஷீட்ட இழுத்து விரிச்சு, ஓரத்துக்கு மண்ணு தள்ளி, கத்தியால வட்டம் வட்டமா ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு மாலுமிரிஸ் கன்னு வச்சுட்டீங்க. போற வார சனமெல்லாம் நின்னு பாக்குது. கங்காணிகூட ஒரு போட்டோ புடிச்சாரு. "ஒரு புல்லு மொளைக்காது மாமா, தண்ணியும் பாதி போதும்"னு நீங்க சொன்னதுல பொய்யில்ல. வெளிச்சம் படாத எடத்துல புல்லு எப்புடி மொளைக்கும்? மூடி வச்ச மண்ணுல ஈரம் எங்க ஓடும்? கறுப்பு வெயில இழுத்து மண்ணுக்குச் சூடு ஏத்தும். பண்டாரவளைக் குளிருக்கு அது நல்லதுதான். வெள்ளி மினுக்குற ஷீட்டுன்னா வெள்ளை ஈ, அசுவினியெல்லாம் கண்ணு கூசி எறங்கப் பயப்படும், மொளகாயில எலச் சுருட்டு கொறையும். நுவரெலியாப் பக்கம் ஸ்ட்ரோபெரி போடுறவங்க ஷீட்ட விட மாட்டாங்க. பழம் ஈர மண்ணுல பட்டா அழுகிப் போகும், அவங்களும் என்ன செய்வாங்க. புது சாமானக் கண்டா கெழவன் குத்தஞ் சொல்லுவான்னு பேரு வாங்க எனக்கும் ஆசையில்ல.

ஒரே ஒரு சந்தேகம். ஐப்பசி பொறந்து மழை எறங்குமே, அப்ப தண்ணி எந்தப் பக்கம் போகும்?

கொழும்புல மழை கானுக்குப் போகும், கான் கடலுக்குப் போகும், நீங்க கொடையப் புடிச்சிட்டு பஸ்ஸுக்கு நிப்பீங்க. இங்க அப்புடியில்ல. ஊவாவுக்கு இப்ப ஆடி, ஆவணியில கச்சான் காத்து. எல வாடும், தொண்ட வறளும், அந்த வாட்டத்துலதான் நம்ம சீசன் கொழுந்துக்கு வாசம் வந்து ஏலத்துல வெல ஏறும். ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வடகிழக்கு மழை, கொட்டுனா கொட்டுனதுதான். ஒங்க பாத்தி இருக்கிறது சரிவுல. ஷீட்டு மேல விழுற மழை கன்னு ஓட்டை வழியா கொஞ்சம் எறங்கும். மிச்சமெல்லாம் வழிஞ்சு பாத்திக்கும் பாத்திக்கும் நடுவுல உள்ள வெறும் மண்ணுல சேரும். பாத்தி அகலத்துக்கு விழுற தண்ணி மம்பட்டி அகலத்துல ஓடும். ரெண்டு மழைக்கு அது வாய்க்கா. நாலாவது மழைக்கு அது கான். கான் வெட்டுக்குத் தோட்டத்துல ஆளுக்குப் பேரு போடணும். ஒங்களுக்கு மழை கூலி வாங்காமலே வெட்டிக் குடுத்துரும்.

மண்ண அம்மணமா விட்டுப் பழகுனது நீங்க இல்ல, அதையும் சொல்லிர்றேன். வெள்ளக்காரத் தொரைமாருக்குத் தேயிலைக்கு நடுவுல ஒரு பச்சை தலை காட்டக்கூடாது. நம்மாளுக சொரண்டியக் கையில புடிச்சு, கொந்தரப்புக்குப் புல்லுவெட்டி, புல்லோட மேமண்ணையும் சேத்துச் சொரண்டிப் போட்டாங்க. மலை சுத்தமா இருக்குன்னு தொரை குதிரையில வந்து பாத்து மெச்சிக்கிட்டுப் போவாரு. மண்ணு அவருக்கு முந்தியே ஆத்தங்கரைக்குப் போயிருக்கும். 1951ல மண்ணைக் காப்பாத்தச் சட்டமே கொண்டாந்தாங்க. சட்டம் கடதாசியில நின்னுச்சு, மண்ணு மகாவலியில நின்னுச்சு. மூடாக்கு இல்லாத பழைய விதைத் தேயிலை மலையில ஹெக்டேயருக்கு வருசம் 40 டன் வரைக்கும் மண்ணு கழுவிப் போகுதுன்னும், புல்லு பரப்புன மலையில அது ஒரு டன்னுக்கும் கீழ வந்துருச்சுன்னும் 1980கள்ல அளந்து எழுதியிருக்காங்களாம். பேத்தி வாசிச்சுக் காட்டுனா. மூத்தவன் மக, ஊவா வெல்லஸ்ஸவுல படிக்கிறா, ஒங்களுக்குத் தெரியுமே. நான் கேட்டுட்டு, "இதுக்கா தாயி அளவு? எங்க பீலிக்கரையில மழைநாள்ல குடத்தப் புடிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்"னேன். அவ சிரிக்கல. படிச்ச புள்ளைக்கு நம்ம பகிடி புரியாது.

மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி மலை எறங்கி லயத்தையே மூடுனத இதோட சேத்து யாராச்சும் பேசினா நம்பாதீங்க. அது அடியில இருந்து பேந்து வந்த மலை. புல்லு போட்டா நிக்கிற சங்கதி இல்ல அது.

நான் சொல்ல வாறது மேமண்ணு. அதுக்கு மருந்து இந்த ஊர்லயே மொளச்சிக் கெடக்கு. மானா. நீங்க எல்ல பக்கம் போறப்ப ரயில்ல இருந்து ரெண்டு பக்கமும் பாத்திருப்பீங்க, இடுப்பு ஒசரத்துக்கு நிக்கும்; வெள்ளக்காரன் அதுக்கு முன்னால நின்னு படம் எடுப்பான். கசக்கி மோந்தா சேரை வாசம் கொஞ்சம் அடிக்கும், அது சேரைக்குச் சொந்தக்காரப் புல்லுதான். 1925ல தொடங்குன தேயில ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில இருக்குல்ல, பசறையிலயும் அதுக்கு ஒரு கெளை இருக்கு. அவங்க காலங்காலமாச் சொல்லுறது இதத்தான். கெழட்டுத் தேயிலையப் புடுங்குனா உடனே புதுக்கன்னு வைக்காத. 18 மாசம், முடிஞ்சா 2 வருசம், மானாவோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு மண்ணுக்கு ஓய்வு குடு. வளர வளர வெட்டி அங்கனயே பரப்பு. அப்பறம் கன்னு வையி, வச்ச கன்னுக்கும் புல்லையே போத்தி விடு.

எங்க வயசுல அந்தப் புல்லுக்கட்டு சொமந்த தோளு இது. மானா எல ஓரம் கைய அறுக்கும். குவாத்தமாலா சொன அரிக்கும். ராத்திரி பாயில படுத்தாலும் முதுகு சொறியும். ஒரு கட்டுக்கு ரெண்டு தடவ தொரையத் திட்டுவோம், போகையில ஒருக்கா, வாறையில ஒருக்கா. ஆனா மூணு மாசங் கழிச்சு அந்தப் புல்லை வெலக்கிப் பாக்கணும் மாப்புள. மேல உள்ளது வெயில் பட்டுச் சாம்பக் கலருல சலசலங்கும். அதுக்குக் கீழ உள்ளது பழுப்பு. கச்சான் அடிக்கிற மாசத்துலயும் தொட்டா வெரலு நனையும். அதுக்கும் கீழ எது புல்லு எது மண்ணுன்னு பிரிக்க ஏலாது. வெள்ளை நூலாப் பூசணம் ஓடியிருக்கும், மண்புழு குருணை குருணையாக் கழிஞ்சு வச்சிருக்கும். கன்னோட வேரு மண்ண விட்டு மேல ஏறி வந்து, மயிரு மாதிரி இல்லாட்டி நூலு மாதிரின்னு சொல்லக்கூட முடியாத மெல்லிசா, அந்த உக்குன புல்லுக்குள்ளயே மேஞ்சுக்கிட்டு இருக்கும். ஒங்க ஷீட்ட தூக்கிப் பாருங்க, அதுக்குக் கீழயும் ஈரம் இருக்கும், நான் இல்லேங்கல. தீனி இருக்காது.

இன்னும் கேளுங்க. முள்ளுமுருக்கு, கிளிரிசீடியா, காட்டுச் சூரியகாந்தி, இதெல்லாம் வேலி ஓரத்துல ஆளில்லாமத் தழைச்சு நிக்கிது. வெட்டிப் போட்டா வெரசா உக்கித் தழைச்சத்து குடுக்கும். மானா மெதுவா உக்கி நாள்பட நிக்கும். ரெண்டையும் கலந்து போடுறவன் கெட்டிக்காரன். வெலிமடையிலயும் ஊவா பரணகமையிலயும் மாரிப் போகத்துக்கு நெல்லு, அத அறுத்த வயல்லயே சிறுபோகத்துக்கு உருளைக்கெழங்கு. வைக்கோலு வயல்லயே கெடக்கும். அதப் பரப்பினா கெழங்கு வெயில் பட்டுப் பச்சையாகாது, மண்ணும் குளுமையா நிக்கும். ஜெர்மனியில கெழங்குப் பாத்திக்கு வைக்கோலு போட்டுப் பாத்ததுல அசுவினி கொண்டாற வைரஸ் கொறஞ்சிருக்குன்னு பேத்தி சொல்றா. எத்தன பேரு பரப்புறாங்க? நெருப்பு வச்சுட்டு, பொகைக்குக் கண்ணக் கசக்கிக்கிட்டே, "மண்ணுல பசை இல்ல"ம்பாங்க. கீழ எறங்கி மொனராகலப் பக்கம் போனா பெல்வத்த, செவனகல கரும்பு. கரும்புச் சோகை அவ்வளவும் மண்ணுக்குப் போர்வை. அங்கயும் நெருப்புக்குத்தான் மொதல் பந்தி. தேங்காத் தும்பு வெளிநாட்டுக்குக் கப்பலேறுது. அங்க இருக்குறவன் அதப் பாயாப் பின்னி ரோட்டோர மண்ணு சரியாம விரிக்கிறான். நாங்க தும்ப ஏத்தி அனுப்பிட்டு பிளாஸ்டிக்க எறக்குறோம். யாவாரத்துல நம்மள மிஞ்ச ஆளில்ல.

வருசா வருசம் ஆவணி, பொரட்டாசியில ஹப்புத்தளையில இருந்து எல்ல வரைக்கும் மானாப் பத்தனை எரியிறதப் பாத்திருக்கீங்களா? ராத்திரியில பாத்தா அழகாத்தான் இருக்கும். எத்தன ஏக்கருக்குப் போத்தலாமுன்னு கணக்குப் போட்டா தூக்கம் வராது, அதனால நான் போடுறதில்ல.

நெருப்புன்னதும் நம்ம வீட்டுக் குத்தத்தையும் சொல்லிர்றேன், இல்லாட்டி எம்மக சொல்லிருவா. தேயிலையக் கவ்வாத்து வெட்டுனா விழுற மிலாறுக் கெளை மலையிலயே கெடக்கணும், அது அந்த மண்ணோட சோறு. ஆனா அது கட்டுக் கட்டா லயத்துக்குத்தான் வரும், அடுப்புல எரியும். ஆராய்ச்சிக்காரங்க வேண்டாமுன்னுதான் சொல்றாங்க. சொல்றவங்க வீட்டுல கேஸு. 2022ல கொழும்பே சிலிண்டருக்கு வரிசையில நின்னுச்சே, அன்னைக்கு எங்க லயத்துல மிலாறு எரிஞ்சு சோறு வெந்துச்சு. அதனால அந்த விசயத்துல நான் ரெண்டு பக்கமும் பேச மாட்டேன்.

சரி, ஒங்க ஷீட்டுக்கு வாறேன். அது வாறத நீங்க பாத்துட்டீங்க, போறதப் பாக்கல. பக்கத்து டிவிசன்ல ஒருத்தரு ரெண்டு போகம் போட்டாரு. கழட்டுற அன்னைக்கு நான் போய் நின்னேன், வேடிக்கை பாக்கத்தான். மேல வெயில் பட்ட எடம் மொறுமொறுன்னு ஒடியிது. ஒரு மொனையப் புடிச்சு இழுத்தா கைக்கு ஒரு சாண் வருது, மிச்சம் அங்கயே நிக்கிது. ஓரத்துல மண்ணுக்குள்ள பொதைச்ச பாகம் இருக்கே, அது சம்பந்தி வீட்டு விருந்தாளி மாதிரி, என்ன இழுத்தாலும் எந்திரிக்கிற எண்ணமே இல்ல. மம்பட்டியப் போட்டா அலகுல சுத்திக்கிட்டு வருது. கடைசியில அந்த மனுசன் மேலாப்புல வந்தத மட்டும் வாரிக் குவிச்சாரு, மிச்சத்த மண்ணோட கொத்திப் போட்டுட்டாரு. குவிச்சதையும் அந்தியில கொளுத்துனாரு. லயத்துல இருமாத புள்ள இல்ல. அடுத்த நாளு காலையில ரெண்டு மூணு வீட்டுல அடுப்புப் பத்த வைக்க அந்தத் துண்டத்தான் வச்சாங்க. நல்லாப் பத்துது, பொய் சொல்லக்கூடாது.

மண்ணுக்குள்ள போன துண்டு என்னாகும்? உக்காது. துணுக்காகும், துணுக்கு தூளாகும், தூளு கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால இல்லேன்னு சொல்லிக்கலாம். சீனாக்காரன் சின்ஜியாங்கு பருத்திக்காட்டுல இப்புடித்தான் வருசக்கணக்கா விரிச்சான். மெல்லிசு ஷீட்டு வெல கொறைவுன்னு 0.008 மில்லிமீட்டர் வரைக்கும் எறங்குனான். மெல்லிசு கிழியும், கிழிஞ்சது அள்ள வராது. வேரு எறங்க எடமில்லாம, தண்ணி எறங்க எடமில்லாம நெலம் கெட்ட பொறகு, 2017ல புது அளவு எழுதி 0.01க்குக் கொறையக்கூடாதுன்னு வச்சான். வெள்ளாமைக்கும் கால்நடைக்கும் ஒலகத்துல வருசத்துக்கு 1 கோடியே 25 லட்சம் டன் பிளாஸ்டிக் போகுதுன்னு ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2021ல கணக்குச் சொல்லிச்சு. நம்ம நாட்டுலயும் மீதொட்டமுல்ல குப்பை மேடு 2017 சித்திரையில சரிஞ்சு ஆளுகளக் கொன்ன பொறகு, அந்த வருசம் செப்டெம்பர்ல சோத்துப் பொதிக்கு லஞ்ச் ஷீட்டு கூடாதுன்னாங்க. சோத்தப் பொதிய ஆகாத சாமான், சோறு வெளையிற மண்ணுல விரிக்க ஆகுமான்னு நான் கேட்டா, மாமா அரசியல் பேசுறாருன்னு எந்திரிச்சுப் போயிருவீங்க.

போகாதீங்க. ஒங்க பக்க வாதத்தையும் நானே சொல்லிர்றேன். "இப்ப உக்குற ஷீட்டு வந்திருக்கு மாமா"ம்பீங்க. வந்திருக்கு. அதுல மூணு சாதி இருக்கு, பொண்ணு பாக்கப் போற மாதிரி விசாரிச்சுத்தான் வாங்கணும்னு சொல்ல வந்தேன், ஒங்களுக்கு அந்த வேலை முடிஞ்சு போச்சு, பரவாயில்ல. 

ஒண்ணு, பச்சை எலப் படம் அச்சடிச்சு, வெயில்ல தானா நொறுங்கும்னு விக்கிறது. அது பழைய பொலித்தீன்தான், நொறுங்குறதுக்கு ஒரு மருந்து கலந்தது. நொறுங்கும், உக்காது. நீங்க அள்ளுற பாட்டையும் இல்லாமப் பண்ணிரும், அவ்வளவுதான். ஐரோப்பாக்காரங்க அந்தச் சாதியையே 2021 ஜூலையில இருந்து விக்கக்கூடாதுன்னு தள்ளிட்டாங்க. இன்னொண்ணு, சோளத்துல செஞ்ச பி.எல்.ஏ. நல்ல சாதிதான், ஆனா அது உக்க 60 பாகை கிட்டச் சூடு வேணும், பெரிய கம்போஸ்ட் ஆலையில உள்ள சூடு. பண்டாரவளை மண்ணுல அந்தச் சூடு வரணும்னா கீழ எரிமலைதான் இருக்கணும். மூணாவதுதான் நெசமான சரக்கு: பி.பி.ஏ.டி.யோட மாச்சத்தக் கலந்து செய்யிறது, மண்ணுல உள்ள பூசணமும் கிருமியும் தின்னு தீக்குறது. அதுக்கு ஐரோப்பாவுல 2018ல ஒரு தரம் எழுதி வச்சாங்க, இ.என். 17033. ரெண்டு வருசத்துக்குள்ள நூத்துக்குத் தொண்ணூறு பாகம் காத்தோட காத்தாப் போயிரணும்னு அதுல இருக்கு. ஆனா சோதனை நடக்குறது ஆய்வுக்கூடத்துல, 25 பாகை கிட்டச் சூட்டுல. நம்ம மண்ணு அதவிடக் குளுரு, ஆடியில காய்ஞ்சும் போகும். கிருமி மெதுவாத்தான் சாப்பிடும். முந்தின போகத்து ஷீட்டு உக்காமக் கெடக்க, அது மேலயே அடுத்த போகத்து ஷீட்ட விரிக்க வேண்டி வரும். பெட்டியில இ.என். 13432ன்னு போட்டிருந்தா அது கம்போஸ்ட் ஆலைக்கான நம்பரு, மண்ணுக்கு இல்ல. கடைக்காரன்கிட்ட நம்பரக் கேளுங்க. அவன் தலையச் சொறிஞ்சா காசைப் பையில போட்டுட்டு வந்துருங்க.

கடதாசியும் இருக்கு. நூறு வருசத்துக்கு முந்தியே ஹவாய்த் தீவுல கரும்புக்கும் அன்னாசிக்கும் தார் பூசுன கடதாசி விரிச்சிருக்காங்க. பொலித்தீன் மலிவா வந்ததும் விட்டுட்டாங்க. நம்ம ஐப்பசி மழைக்குச் சும்மா கடதாசி ஒரு வாரம் தாங்காது. மேல புல்லு போட்டா தாங்கும். புல்லு போடுறதா இருந்தா கடதாசி எதுக்குங்குறீங்களா? கெட்டிக் களைக்கு. கோரை உள்ள எடத்துக்கு அட்டைப் பெட்டியப் பிரிச்சு விரிச்சு, அதுக்கு மேல புல்லு. கோரை அதையும் பொத்துக்கிட்டு வரும், அதுவும் தெரிஞ்சுக்கங்க. கோரைய செயிச்ச மனுசன நான் இன்னும் பாக்கல.

இவ்வளவையும் கேட்டுட்டு, "அப்ப ஏன் மாமா தோட்டத்துலயே இப்ப யாரும் புல்லு போடுறதில்ல?"ன்னு கேக்கப் போறீங்க. அப்புடிக் கேட்டாத்தான் நீங்க எம் மருமகன்.

மானாவுக்கு வெலை இல்ல. வெட்ட ஆள் வேணும், தூக்க ஆள் வேணும், பரப்ப ஆள் வேணும். ஒரு ஏக்கரு போத்தணும்னா பல ஏக்கருல புல்லு வெட்டணும். நாள் சம்பளம் 1,000 ரூவா ஆகவே 2021 வரைக்கும் தெருவுல நிக்க வேண்டியிருந்துச்சு. கூலி கூடக் கூட, தொரை மொதல்ல வெட்டுறது புல்லுக்கட்டு சொமக்குற பேரத்தான். அதுக்குப் பதிலு மருந்து அடிச்சாங்க. 2015ல கிளைபோசேட்டத் தடுத்ததும் மலையெல்லாம் புல்லு. திருப்பிச் சொரண்டியத் தேடுனாங்க. சில தோட்டம் வேற மருந்து அடிக்கப் போயி, ஜப்பான்காரன் தேயிலையில மிச்சம் இருக்குன்னு மொகத்தச் சுளிச்சான். 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டாங்க. இத்தன ஓட்டத்துலயும் மலை மேல சும்மா நிக்கிற மானா ஒருத்தருக்கும் நெனப்பு வரல. அதுக்குக் கமிசன் குடுக்குற ஏஜென்ட் இல்லையே.

இன்னொரு காரணம் இருக்கு, அது கொஞ்சம் கசக்கும். மண்ணு அஞ்சு வருசம் கழிச்சு நல்லா வரும்னு புல்லு சொமக்குறவன், அஞ்சு வருசம் கழிச்சும் அந்த மண்ணுல நானே நிப்பேன்னு நம்பணும். நீங்க பாத்தி போட்டிருக்குற துண்டு யாரு பேருல இருக்கு? அரசாங்கத்து நெலம், 1992ல இருந்து கம்பெனி கையில, நாம பரம்பரையாக் குடியிருக்கோம், ஒறுதி இல்ல. தனி வீட்டுக்காரனுக்குக் குடுத்து வந்தது 7 பேர்ச்சஸ். அதுல வீடு போக ஒரு முருங்க மரம் நிக்கும். நாளைக்குத் தொரை மாறி, "இதுல கன்னு வைக்கப் போறோம்"னா எந்திரிச்சு வரணும். அந்த நெலமையில ஒரே போகத்துல காசு எடுக்கத்தான் கை போகும், ஷீட்டு விரிக்கத்தான் மனசு வரும். இதுல ஒங்க மேல எனக்கு ஒரு துளி கோவம் இல்ல. கோவம் இருந்தா இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன், எம்மக மாதிரி சும்மா இருந்திருப்பேன்.

அதுக்காக நாளைக்கே ஷீட்டக் கிழிச்சு எறிங்கன்னு நான் சொல்லல. ராத்திரியோட ராத்திரியா இயற்கைக்கு மாறுனா என்ன நடக்கும்னு நாடே ஒரு தடவ பாத்தாச்சு. 2021 மே மாசம் இரசாயன ஒரம் வரக்கூடாதுன்னு கோட்டாபய ராஜபக்ச நிப்பாட்டுனாரு. நவம்பர்ல திருப்பி எடுத்தாங்க. அதுக்குள்ள வெலிமடைத் தோட்டக்காரன் நட்டு வச்சது பாதி, நடாம விட்டது பாதி. மண்ணுக்கு நல்லது செய்ய வாறவங்க அவசரப்பட்டா மண்ணுக்கே பேரு கெட்டுப் போகுது.

அதனால இப்ப விரிச்சது இருக்கட்டும், காசு குடுத்து வாங்குனது. சுருளுல மிச்சம் இருக்குறத விரிக்காதீங்க. கீழ் ரெண்டு பாத்தி இன்னும் வெறுமையாத்தானே கெடக்கு, அதுக்குப் புல்லு போடுவோம். பூ தள்ளுறதுக்கு முந்தி வெட்டுன மானாவா இருக்கணும்; வெதை கட்டுனத வெட்டிப் போட்டா அடுத்த மாசம் பாத்தி பூரா மானாதான். குவாத்தமாலா கெடச்சா ரெண்டு மூணு நாளு வாட விட்டுப் போடுங்க, பச்சைக் கணு ஈரத்துல பட்டா வேரு விட்டுரும். கணுக்கால் மூழ்குற கனம் வேணும். பயப்படாதீங்க, ரெண்டு மாசத்துல பாதியாப் படுத்துரும். தண்டுல இருந்து ஒரு கை அகலம் தள்ளியே போடுங்க, ஒட்டிப் போட்டா தூரு அழுகும், கறையானும் ஏறும். மழை மாசத்துல நத்தை வரும், அந்தியில டோர்ச் அடிச்சுப் பொறுக்கணும். பேரப்புள்ளைகளுக்கு ஒரு நத்தைக்கு இவ்வளவுன்னு கொந்தரப்புப் பேசிக்கங்க. வைக்கோலு கெடச்சா மேல மட்டும் போடுங்க, மண்ணோட கொத்திக் கலக்காதீங்க. கலந்தா உக்குறதுக்கு மண்ணுல உள்ள தழைச்சத்த அதுவே இழுத்துக்கிட்டு, செடி மஞ்சக் காமாலையில நிக்கும். கரட்டு, பீட்ரூட்டு வெதைக்கிற பாத்திக்கு மொளச்சு நிமிந்த பொறகுதான் புல்லு. அப்பறம், பீடி. இத ரெண்டாந் தடவ சொல்ல வைக்காதீங்க. காஞ்ச மானா பக்கத்துல பீடிய வீசிட்டு வந்தீங்கன்னா மூடாக்கும் போகும், மாலுமிரிசும் போகும், காத்து திரும்புனா லயமும் போகும்.

கணக்கு எழுதுங்க. ஷீட்டுப் பாத்திக்கு ஷீட்டு வெலை, விரிச்ச கூலி, கழட்டுற கூலி. கடைசிய விட்டுறாதீங்க, எல்லாரும் அதத்தான் விட்டுருவாங்க. புல்லுப் பாத்திக்கு வெட்டுக்கூலி, தூக்குக்கூலி. என் கூலிய சும்மான்னு போடாதீங்க, பேரு போட்டு எழுதுங்க, அப்பத்தான் கணக்கு நாயமா இருக்கும். எத்தன தரம் தண்ணி ஊத்துனீங்க, எத்தன தரம் களை புடுங்குனீங்க. உமா ஓயாச் சுரங்கம் தோண்டப் போயி 2014 கடைசியில பண்டாரவளைப் பக்கம் கெணறு வத்துனப்ப ஒரு குடம் தண்ணிக்கு என்ன வெலைன்னு பாத்தவங்க நாங்க, அதனால தண்ணியையும் காசாப் போடுங்க. மொளகாய கெப்பட்டிப்பொல சந்தைக்கு ரெண்டு மூட்டையாத் தனித்தனியாக் கட்டிக் கொண்டு போங்க. ஷீட்டு செயிச்சா நான் ஊரறியச் சொல்லுறேன், இஸ்தோப்புல நாக்காலி போட்டு ஒக்காந்து சொல்லுறேன்.

கழட்டுற நாளு வந்தா மண்ணு ஈரமா இருக்கையிலயே கழட்டுங்க, காஞ்சா ஒடியும். ஓரத்து மண்ண மொதல்ல மம்பட்டியால வெலக்கி, பொதைஞ்ச பாகத்த வெளிய எடுத்து, ரெண்டு பேரா நின்னு சுருட்டுங்க. எரிக்க வேணாம். வாங்குன கடையிலயே திருப்பி எடுப்பானான்னு கேளுங்க. எடுக்க மாட்டான், ஆனாலும் கேளுங்க, பத்துப் பேரு கேட்டா யோசிப்பான்.

வாற ஞாயித்துக்கெழம பெரட்டு இல்ல. விடியக்காலம் ஆறு மணிக்கு மேட்டு லயத்துக்கு மேல உள்ள பத்தனைக்கு வாங்க. கத்தி என்கிட்ட ரெண்டு இருக்கு, தீட்டி வச்சிருக்கேன். கையில்லாத சட்ட போட்டுக்கிட்டு வராதீங்க. கவுறு நீங்க கொண்டாங்க.